வளைவு முடிந்த பிறகு

"நாலு மணிக்கு என் தம்பி கையெழுத்துப் போட்டுடுவான் சார்," என்றாள் தையல்காரி அக்கா. காலையிலிருந்து அதை ஏழாவது முறையாகச் சொல்கிறாள்.

சர்வேயர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பத்து.

சர்வேயர் என்பது அவர் பெயர் அல்ல, பழைய உத்தியோகம். இருபத்திரண்டு வருடம் விபத்து வண்டிகளின் நசுங்கலை அளந்து அறிக்கை எழுதியவர். ஒரு பெரிய மனிதரின் காரில் இருந்த பழைய நசுங்கலைப் பழைய நசுங்கல் என்றே எழுதித் தொலைத்ததால் வேலை போய், துப்பறிவாளர் ஆனார். அவருடைய உதவியாளனை எல்லாரும் கிளட்ச் என்பார்கள். மூளைக்கும் வாய்க்கும் நடுவில் இருக்க வேண்டிய அந்தப் பாகம் அவனுக்கு வைக்கப்படவில்லை.

மூவரும் நின்றது விபத்து வண்டிகளை நிறுத்தி வைக்கும் தகரக் கொட்டகையில். அவர்கள் முன்னால் அந்த வண்டி. சின்ன லாரி ஒன்றின் முதுகில் கட்டில், அடுப்பு, குளியலறை சகிதம் ஒரு வீட்டைத் தூக்கி வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி. ஓட்டுநர் கூரைக்கு மேலே தொப்பியின் விளிம்பு போலப் படுக்கையறை ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. பட்டறையில் அதற்கு 'நெத்தி' என்று பெயர். வலப்பக்கம் முழுவதும் நசுங்கி, ஜன்னல்கள் வாய் பிளந்து கிடந்தன.

பன்னிரண்டு நாளுக்கு முன், மலைச்சாலை இறக்கத்தில், அக்காவின் தம்பி இதை ஓட்டி வந்தான். பக்கத்தில் பட்டறைத் தச்சர். வண்டி கவிழ்ந்தது. தம்பிக்குக் கை உடைந்தது. தச்சர் பிழைக்கவில்லை. அளவுக்கு மீறிய வேகம் என்று வண்டியைக் கட்டிய கம்பெனி சொன்னது, காவல் நிலையமும் அதையே எழுதிக்கொண்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை பாதியாகும் என்று கம்பெனி வக்கீல் கருணையோடு எடுத்துச் சொல்ல, தம்பியும் தலையாட்டிவிட்டான். இன்று நான்கு மணிக்குக் கையெழுத்து. அதன் பிறகு எந்தத் துப்பறிவாளர் வந்தாலும் சிறைக்கு வெளியே நின்று துப்பறியலாம்.

"உங்க தம்பி முதல் நாள் என்ன சொன்னாரு? அதே வார்த்தையில சொல்லுங்க," என்றார் சர்வேயர்.

"'வளைவெல்லாம் முடிஞ்சு நேரா வந்துட்டேன். அதுக்கப்புறம் தலைக்கு மேல இருந்து யாரோ தள்ளின மாதிரி இருந்துச்சு'ன்னான். இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரிச்சாராம். வளைவுல கவுந்தவன் உண்டு, நேர் ரோட்டுல கவுந்தவன் உண்டான்னு. அதுக்கப்புறம் அவன் வாயே திறக்கலை சார். என்கிட்டகூட."

"பொய் சொல்றவன் நல்ல பொய்யா ஒண்ணு சொல்லுவான். இவ்வளவு மட்டமா ஒண்ணைச் சொல்லியிருக்கார்னா அது உண்மையாத்தான் இருக்கணும். கிளட்ச், அந்த வாளியில பாதித் தண்ணி பிடிச்சுட்டு வா."

"குளிக்கப் போறீங்களா சார்? நேரமே இல்லைன்னு இப்பதான்..."

"பாதிதான். நிரப்பிடாத."

கிளட்ச் பிடித்து வந்தான். "தலைக்கு மேல தூக்கு. வேகமா நட. இடது பக்கம் திரும்பு. இன்னும். இப்ப நேரா வா!"

கிளட்ச் நேராக வந்தான். வாளித் தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு எதிர்ப்பக்கம் பாய்ந்து, அவன் தோளையும் சட்டையையும் நனைத்துக்கொண்டு இறங்கியது. கிளட்ச் தடுமாறிப் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"திரும்பறப்ப சும்மா இருந்துச்சு சார், நேரா வந்தப்புறம் அடிக்குது. என் மச்சான் மாதிரி. சண்டை நடக்கறப்ப ஓரமா நிப்பான், சமாதானம் ஆனப்புறம் வந்து அடிப்பான்."

"நிறைஞ்ச வாளி இப்படி அடிக்காது, காலி வாளியும் அடிக்காது. பாதி வாளிதான் ஆளைச் சாய்க்கும். அதுவும் உயரத்துல இருந்தா." சர்வேயர் வண்டியின் நெற்றியை அண்ணாந்து பார்த்தார். "இந்த வண்டியில தண்ணித் தொட்டி எங்க இருக்கு?"

அக்காவின் முகத்தில் பன்னிரண்டு நாளில் முதல் முறையாக ஏதோ ஒளிர்ந்தது.

அதை அணைக்கவென்றே ஒரு நீண்ட கார் வந்து நின்றது. இறங்கியவர் கம்பெனி முதலாளி. முதலாளி என்றால் அவருக்குக் கோபம் வரும். விசிட்டிங் கார்டில் 'தலைமைக் கனவாளர்' என்று போட்டிருந்தார். கனவு காண்பது அவர், கண் விழித்து வேலை செய்வது மற்றவர்கள் என்று பட்டறையில் ஒரு பேச்சு உண்டு.

"உங்க வேதனை எனக்குப் புரியுதும்மா," என்றார் அக்காவிடம், அவளைப் பார்க்காமல். "ஆனா என் வண்டி சாலையில மிதக்கிற கவிதை. கவிதை கவுறாது. ஓட்டினவன் கவுத்தான். என்ன பாக்கணுமோ பாத்துக்கோங்க. எங்ககிட்ட ஒளிவுமறைவு கிடையாது."

"தண்ணித் தொட்டி," என்றார் சர்வேயர்.

கனவாளர் குனியக்கூட இல்லை. காலணி நுனியால் காட்டினார். வண்டியின் வயிற்றுக்கு அடியில், பின்சக்கர அச்சுக்கு முன்னால், தரையோடு தரையாகக் கறுப்புத் தொட்டி ஒன்று கச்சிதமாக இருந்தது. பாரம் எங்கே இருந்தால் வண்டி காலூன்றி நிற்குமோ அங்கே. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்திலும் அங்கேதான்.

சர்வேயர் தரையில் படுத்துப் பார்த்தார். தட்டினார். எழுந்தார். அவர் முதுகில் கிரீஸ், முகத்தில் தோல்வி. அடியில் கிடக்கும் தண்ணீர் எவ்வளவு குதித்தாலும் வண்டியைக் கவிழ்க்காது, இன்னும் அழுத்தித்தான் பிடிக்கும்.

"அப்ப வாளி?" என்றான் கிளட்ச் மெதுவாக.

"வாளி வாளிதான்."

மணி இரண்டு நாற்பது. அக்கா ஏணிப் பக்கம் நகர்ந்தாள். எதையாவது கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

கனவாளருக்கு எதிராளி விழுந்தால் பெருந்தன்மை ஊறும். "குளியலறையையும் பாத்துடுங்க. உலகத்துலயே பம்ப் இல்லாத ஷவர். மோட்டார் சத்தமே கிடையாது. குழாயைத் திறந்தா அருவி! கண்காட்சியில ஜனங்க வரிசையில நின்னு கையை நனைச்சுட்டுப் போனாங்க."

யாரும் கேட்கவில்லை. அக்கா ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள். இந்த வண்டிகளின் மெத்தை, திரை எல்லாம் அவள் தைப்பதுதான். வேறு எதுவும் செய்யத் தெரியாத துக்கத்தில், தன் கை பட்ட ஒன்றையாவது தொட்டுப் பார்க்க நெற்றிக்குள் தவழ்ந்து போனாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "இது என் மெத்தை இல்ல."

"மெத்தைன்னா ஒரு செவ்வகம், அவ்வளவுதானேம்மா," என்றார் கனவாளர் கீழேயிருந்து.

"இல்லைங்க. நெத்தி முன்பக்கம் வளைஞ்சிருக்கும். இங்க பாருங்க, நீட்டுக்கு ஒரு செவ்வகத்தை வாங்கித் திணிச்சிருக்காங்க. மூலை ரெண்டும் மடங்கி நிக்குது. ஜிப்பு வேற ஆள் காலுக்கு இடிக்கிற பக்கம். நான் சுவரோரமாத்தான் வைப்பேன்."

கனவாளர் தொண்டையைச் செருமினார். "ரத்தக் கறை இருந்துச்சு. இறந்தவருக்கு மரியாதை செய்யணும்னு நான்தான் மாத்தச் சொன்னேன்."

"தச்சர் கீழ, டிரைவர் பக்கத்துல உக்காந்திருந்தாரு," என்றான் கிளட்ச். "உங்க வண்டியில எல்லாமே கீழேருந்து மேல ஏறும்போலிருக்கே சார். ரத்தமும் ஏறுது, ஷவர் தண்ணியும் பம்ப் இல்லாமலே ஏறுது."

சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். சர்வேயர் சிரிக்கவில்லை. வண்டியின் நெற்றியைப் பார்த்தார். பிறகு கிளட்சின் ஈரத் தோளைப் பிடித்து, "மறுபடியும் சொல்லு," என்றார்.

"எதை சார்?"

"வேண்டாம், போதும். நம்ம வண்டியை எடு. அக்கா, இறங்குங்க. உங்க மெத்தையோட அளவைப் பாக்கணும், தையல் ரூமுக்குப் போறோம்."

கனவாளர் காரில் ஏறும் முன்பே போனை எடுத்துவிட்டார். அவசரத்தில் கவிதையாகப் பேச மறந்து, "வக்கீலா? உடனே முடி" என்று மட்டும் சொன்னார்.

* * *

தையல் அறை மாடியில், ஒரு ஜன்னல், இரண்டு இயந்திரம், தரை முழுக்கப் பஞ்சு. சுவரோரம் காகிதச் சுருள்கள் அடுக்கியிருந்தன.

"ரெண்டு நெத்தி ஒரே மாதிரி இருக்காது சார்," என்றாள் அக்கா மூச்சு வாங்க. "அதனால ஒவ்வொரு வண்டிக்கும் பழைய நியூஸ்பேப்பரை ஒட்டி, உள்ளேயே விரிச்சு வெட்டிட்டு வந்துடுவேன். வண்டி நம்பர் எழுதி வெச்சுக்குவேன். மெத்தை கிழிஞ்சு வந்தா மறுபடியும் அளவெடுக்க வேண்டாம் பாருங்க."

"இது முதலாளிக்குத் தெரியுமா?"

"அவர் இந்த மாடிக்கு வந்ததே இல்லையே."

சுருள்களை விரித்தார்கள். ஒவ்வொன்றின் முன்பக்கமும் பிறை போல வளைந்திருந்தது. கவிழ்ந்த வண்டியின் சுருளை விரித்தபோது மட்டும் கிளட்ச் விசில் அடித்தான். முன்பக்கம் நேர்கோடு. மற்றவற்றைவிட ஒன்றரை அடி குட்டை. இடது மூலையில் ரூபாய் நாணய அளவுக்கு ஒரு வட்டம் வெட்டியிருந்தது. ஓரத்தில் தச்சர்கள் காதில் செருகும் தடித்த பென்சிலால் எழுத்து: 'பெட்டி 18 இஞ்ச். ஓட்டைய மறைக்காதீங்க.'

அக்கா அந்த எழுத்தைத் தடவினாள். "செத்துப்போன தச்சர் எழுதினது. இந்த வண்டிக்குத்தான் பெட்டி வெச்சாங்கன்னு அங்க ஏறினப்ப எனக்கு ஞாபகம் வரலை. போர்வை தலகாணி வைக்க நெத்தி முன்னாடி குறுக்கால பெட்டி வருது, அதுவரைக்கும் மெத்தை போதும்னு பட்டறை ஃபோர்மேன் சொன்னாரு."

"போர்வைக்கு எதுக்கு அக்கா குழாய் ஓட்டை?" என்றார் சர்வேயர்.

பதிலுக்குக் காத்திராமல் அந்த வட்டத்தில் விரலை விட்டுக் காட்டினார்.

"தரைக்குக் கீழ இருக்கிற தண்ணி பம்ப் இல்லாம ஷவருக்கு ஏறாது. மேல இருந்தாத்தான் அருவியா விழும். நெத்தியில, ரோட்டுல இருந்து எட்டடி உயரத்துல, அந்த அகலத்துக்கு ஒரு தொட்டி. முன்னூறு லிட்டர் பிடிக்கும். பாதி தீர்ந்திருந்தா, டிரைவர் தலைக்கு மேல ரெண்டு தடியனுங்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருள்ற மாதிரி. விபத்துக்கப்புறம் அதைக் கழட்டிட்டு, கீழ புதுசா ஒண்ணை மாட்டிட்டாங்க. மேல ஒன்றரை அடி காலி. அதை மூடத்தான் அந்தச் செவ்வக மெத்தை."

கிளட்ச் செய்தித்தாளின் தேதியைப் பார்த்தான். "விபத்துக்கு மூணு மாசம் முந்தின பேப்பர் சார். ராசிபலன் இருக்கு. 'உயர்ந்த இடத்தில் இருப்பவர்களால் தொல்லை'ன்னு போட்டிருக்கான்."

அக்கா மட்டும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சார், இதைக் காட்ட முடியாது. நான் பொய் எழுதிக் கொடுத்திருக்கேன்." அவள் குரல் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "மெத்தையை அனுப்பறப்ப கூடவே அளவுச் சீட்டு எழுதி அனுப்பணும். 'வண்டிக்கு அனுமதி தர்ற ஆய்வுக்காரங்க வரைபடத்தோட ஒப்பிட்டுப் பாப்பாங்க, வழக்கமான அளவுன்னு எழுதிடும்மா'ன்னாரு ஃபோர்மேன். மெத்தை அளவுதானே, யாருக்கு என்ன போச்சுன்னு எழுதிட்டேன். கையெழுத்தும் போட்டேன். அந்த ஒரு வரியால ஆய்வுல உள்ள ஏறிப் பாக்காம விட்டிருந்தா... சார், அந்தத் தச்சரைக் கொன்னது நானா?"

கிளட்ச் சுருளை மெதுவாகச் சுருட்டத் தொடங்கினான். 

"அந்தச் சீட்டை யார் கொண்டுபோய்க் கொடுத்தது?" என்றார் சர்வேயர்.

"என் தம்பிதான்."

சர்வேயர் கடிகாரத்தைப் பார்த்தார்.  மணி மூன்று முப்பத்தைந்து. "எழுந்திருங்க," என்றார்.

* * *

காவல் நிலையத்தில் எல்லாம் தயாராக இருந்தது. வக்கீல் தங்க மூடி போட்ட தன் பேனாவையே கொடுத்திருந்தார். ஏழைக்குச் செய்யும் உதவியில் அவர் குறை வைப்பதில்லை. தம்பியின் வலக் கை மாவுக்கட்டில் இருந்ததால் இடக் கையால் எழுதிக்கொண்டிருந்தான். மூன்று பக்கம், பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் மலையேறி வந்தது. இரண்டு முடிந்துவிட்டன. மூன்றாவதில் பேனா இறங்கியபோது அக்கா காகிதச் சுருளோடு உள்ளே ஓடிவந்தாள்.

தம்பி அவளைப் பார்க்கவில்லை. சுருளைப் பார்த்தான். அவன் முகம் வெளிறியது.

"அதை எடுத்துட்டு வெளிய போ அக்கா."

"தொட்டி எங்க இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமாடா?"

"போன்னு சொல்றேன்ல!"

"தெரியுமா தெரியாதா?"

"நான்தானே தண்ணி நிரப்பினேன்! எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?" பேனாவைத் தாளின் மேல் கொண்டுபோனான். "நீ போ. நான் போட்டுட்டா எல்லாம் முடிஞ்சுடும். உனக்கு ஒண்ணும் ஆகாது."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பன்னிரண்டு நாள் இவன் வாய் திறக்காதது பயத்தால் அல்ல.

"என்ன கலாட்டா?" என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். சர்வேயர் சுருளை மேஜை மேல் விரித்து, நேர்கோட்டையும் வட்டத்தையும் தேதியையும் வரிசையாகக் காட்டினார். ஷவரைப் பற்றியும் சொன்னார். இன்ஸ்பெக்டர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

வக்கீல் அவசரப்படவில்லை. "அருமையான கற்பனை," என்றார். "இந்தக் காகிதம் உண்மைன்னு வெச்சுக்குவோம். அப்படின்னா இது பொய்யாகுது." கோப்பைத் திறந்து ஒரு சின்னச் சீட்டை எடுத்து வைத்தார். "'வழக்கமான அளவு.' கீழே இந்த அம்மாவோட கையெழுத்து. தொட்டியை மறைச்சுக் கொடுத்தது இவங்கதான். தம்பியை விட்டுட்டு இவங்களைக் கூட்டிட்டுப் போலாமா? எந்தப் பேப்பர் வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

தம்பி சட்டென்று குனிந்து மூன்றாவது கையெழுத்தை மறுபடி தொடங்கினான்.

"ஒரே ஒரு சந்தேகம் வக்கீல் சார்," என்றார் சர்வேயர். "இது வேகமா ஓட்டின கேஸ். நெத்தியில தொட்டியே கிடையாதுன்னு உங்க கட்சிக்காரர் ஒன்றரை மணி நேரம் முன்னாடி எனக்குக் காலால காட்டினாரு. அப்படிப்பட்ட கேஸ் கட்டுல, மெத்தைச் சீட்டுக்கு என்ன வேலை?"

வக்கீல் கோப்பை மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடினார். 

"இல்லாத தொட்டி இருந்ததுன்னு யாராவது சொன்னா, யாரைப் பலி கொடுக்கலாம்னு முன்னாடியே எடுத்து வெச்சிருக்கீங்க. அதைக் காட்டித்தானே இந்தப் பையன் வாயை அடைச்சீங்க?"

"வக்கீல் கோட்டுக்குள்ள எட்டடி உயரத்துல இருந்தாரு சார்," என்றான் கிளட்ச். "இப்ப பாதித் தண்ணி ஆடுது."

 இன்ஸ்பெக்டர் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வக்கீல் கை நீட்டினார். இன்ஸ்பெக்டர் அதன் மேல் தன் தொப்பியைத் தூக்கி வைத்தார்.

"ஆனாலும் சீட்டுல இருக்கிறது உங்க கையெழுத்துதானேம்மா?" என்றார் அக்காவிடம். குரலில் கடுமை இல்லை. ஆனால் கேள்வி அதேதான்.

சுருளைப் பிடித்திருந்த அவள் விரல்களில் ஊசித் தழும்புகள். ஆமாம் என்றால் தம்பி வெளியே, தான் உள்ளே என்று ஆகலாம். எந்தத் துப்பறிவாளரும் அதை மாற்றித் தர முடியாது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"என்னோடதுதான். பொய்னு தெரிஞ்சேதான் எழுதினேன். தண்ணின்னு தெரியாது. ஆனா அளவு பொய்னு தெரியும். எழுதிக்கோங்க சார்."

"அக்கா!"

"சும்மா இருடா. பன்னிரண்டு நாளா எனக்காக நீ தள்ளாடினது போதும்."

அவள் மேஜையைச் சுற்றி வந்தாள். தம்பியின் இடக் கையில் இருந்த தங்க மூடிப் பேனாவை, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, எடுத்தாள். அவன் குழந்தை மாதிரி அழுதான். மூன்றாம் பக்கத்தில் ஒன்றரை எழுத்து மட்டும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் மூன்று பக்கங்களையும் குறுக்காகக் கிழித்துவிட்டு, வெள்ளைத் தாள் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றை அக்காவின் முன் தள்ளினார். இன்னொன்றில் தானே எழுத உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரம் நான்கு அடித்தது.

"முதல் நாள் என்ன சொன்ன?" என்றார் தம்பியிடம், தலை நிமிராமல். "முதல்ல இருந்து சொல்லு."

தம்பி மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"காலையில கண்காட்சியில பாதித் தண்ணி தீந்துடுச்சு சார். இறக்கத்துக்கு முன்னாடி மீதியக் கொட்டிடலாம்னு தச்சர் சொன்னாரு. போன் பண்ணிக் கேட்டோம். அடுத்த ஊர்லயும் அருவி காட்டணும், கொட்டாதேன்னுட்டாரு முதலாளி. மெதுவாத்தான் சார் வந்தேன். வளைவெல்லாம் முடிஞ்சுடுச்சு. அப்பாடான்னு தச்சர் என்னைப் பாத்துச் சிரிச்சாரு. நேரா வந்துட்டோம். அதுக்கப்புறம்தான்..."

 இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.